ஓடுகிறவனுக்கு ஒரு சாண் முன்னால்

என் சித்தப்பா மகள் அஷ்வினிக்கு போனில் துப்பாக்கி சுடத் தெரியும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நானும் சிரித்தவன்தான். கண்டியில் அரசாங்கக் கதிரை கிடைத்தவன், குண்டசாலையில் கேட் வைத்த வீட்டில் வாடகைக்கு இருப்பவன், இதற்கெல்லாம் சிரிக்காமல் வேறென்ன செய்வான்?

அவள் பிறந்தது ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அதே லயத்தில் மூன்று காம்பரா தள்ளி நான் பிறந்தேன். நான் படித்து இறங்கிவிட்டேன். அவள் உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம் தவறி, பிள்ளை மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. நான்கு வருடமாகப் பதினாறு குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளோடு படித்த பெண்களில் பாதிப்பேர் கொழும்பிலும் குவைத்திலும் யார் யார் வீட்டிலோ பாத்திரம் கழுவினார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வெளியேற இருந்த வழி அது ஒன்றுதான்.

மாலையில் மடுவம் மூடியதும் அவள் மாதா சிலை வைத்த கெபிக்குப் போய்விடுவாள். பக்தியால் அல்ல. தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகப் பிடிப்பது அந்தக் கெபியின் மூன்றாம் படியில் மட்டும்தான். தலையைக் குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்து அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, புதிதாக வந்த பாதர் பூசையில் அவளைப் புகழ்ந்தேவிட்டார். அவள் மறுக்கவில்லை.

அவள் பழகிய விதத்தை நான் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் இரண்டு கட்டைவிரலிலும் குழந்தைப் பவுடர் போட்டுக்கொண்டாள். வியர்த்த விரல் திரையில் ஒட்டினால் குறி தவறுமாம். பிறகு விளையாட்டுக்குள், ஆளே இல்லாத பயிற்சி மைதானத்தில் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து அரை மணி நேரம் சுட்டாள். தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி மேலே ஏறும். ஏறுகிற அளவுக்கு விரலைக் கீழே இழுக்க வேண்டும். விரலின் வேகத்துக்குக் குறி எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. அதை ஒன்று கூட்டி மூன்று நாள், ஒன்று குறைத்து மூன்று நாள் விளையாடி, எது கைக்குச் சரி என்று பயிற்சிக் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். உயர்தரத்துக்கு இவ்வளவு படித்திருந்தால் வைத்தியராகியிருப்பாய் என்றேன். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"குறிய எப்பவும் தல ஒயரத்துல வச்சிக்கிட்டே நடக்கணும்ணே. ஆளக் கண்டதுக்குப் பொறகு குறியத் தேடுனா, அதுக்குள்ள நம்ம கத முடிஞ்சிரும்."

"அந்த ஆள் ஓடுறான், நீ அவனுக்கு முன்னால வெறும் எடத்துல சுடுறியே?"

"நம்ம லைன் மெதுவுல்ல. அவன் அங்க ஓடுறது இங்க தெரியறதுக்குள்ள அவன் தாண்டிப் போயிருவான். ஓடுறவனுக்கு ஒரு சாண் முன்னால சுட்டாத்தான் படும்."

சுட்டாள். வெறும் இடத்தில் போன குண்டுக்கு ஆள் விழுந்தான். திரையின் மூலையில், சிக்னல் போய்வரத் தாமதிக்கும் நேரம் சிவப்பு எண்ணாக எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தாமதத்தை அவள் விரலிலேயே ஏற்றி வைத்திருந்தாள். யோசித்துச் சுடவில்லை. சோற்றைப் பார்க்காமல் வாய்க்குக் கொண்டுபோவதைப்போலத்தான் சுட்டாள்.

சென்ற வருடம் அவளுக்கு அழைப்பு வந்தது. கண்டியில் நுஹா என்ற பெண் நான்கு பேர் கொண்ட பெண்கள் அணி ஒன்றை நடத்தினாள். ஒருத்தி திருமணமாகிக் கத்தாருக்குப் போக, ஓர் இடம் காலியானது. கொழும்புக் கம்பெனி ஒன்று அணிக்கு ஒரு வருடம் மாதச் சம்பளமும், கண்டியில் தங்க அறையும் தர ஒப்புக்கொண்டிருந்தது. நுஹாவை அஷ்வினி விளையாட்டில் பல தடவை வீழ்த்தியிருந்தாள். சிவப்பு எண்ணோடு ஒருத்தி இப்படி அடிக்கிறாளே என்று நுஹாவே தேடிப் பிடித்திருக்கிறாள். கண்டியில் நேரே வந்து தன்னோடு பத்துச் சுற்று ஆட வேண்டும், ஆறு எடுத்தால் இடம் உனக்கு என்றாள்.

அன்று மாலையே அஷ்வினி எனக்கு போன் எடுத்தாள்.

"அண்ணே, ஒரு கெழம முந்தியே ஒங்க வீட்டுக்கு வரவா? ஒங்க வீட்டு வைஃபை வேகம்தானே. அங்க லைன் வேற மாதிரி இருக்கும். கை பழகணும்."

"வேகமான லைன்ல இன்னும் நல்லாத்தானே அடிப்ப? மெதுவான லைன்லயே அந்தப் புள்ளயத் தோக்கடிச்சவ நீ."

"அப்பிடி இல்லண்ணே..."

"வீட்டுக்கு ஆக்கள் வாறாங்கம்மா. அன்னைக்கிக் காலையில வா, போதும்."

வீட்டுக்கு யாரும் வரவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவி தனுஜா, டவுனில் பிறந்து வளர்ந்தவள், "வரட்டுமே, பாவம்" என்றுகூடச் சொன்னாள். எனக்குத்தான் முடியவில்லை. காரணத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்த வீட்டுக் கைரியா டீச்சரிடம் நான் கண்டி டவுன்காரன் என்று சொல்லி வைத்திருந்தேன். என் மகனின் ஞானஸ்நானத்துக்கு அஷ்வினியின் அப்பா, என் சொந்தச் சித்தப்பா, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றபோது, "தெரிஞ்ச ஆள், தோட்டத்துப் பக்கம்" என்று டீச்சரிடம் அறிமுகம் செய்தவன் நான். அப்போது பதினெட்டு வயது அஷ்வினி தட்டில் கேக் துண்டுகளோடு எனக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது என்று ஐந்து வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நுஹா குறித்திருந்த சனிக்கிழமை கண்டியில் ஒரு மூன்றாம் மாடி அறையில் ஆட்டம். நானும் போனேன். கூட்டிப்போகவாவது வந்தேனே என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. நுஹா எழுந்து வந்து கைகொடுத்தாள். எதிரெதிரே இரண்டு கதிரைகள். அஷ்வினி பவுடர் போட்டுக்கொண்டாள். திரையின் மூலையைப் பார்த்தேன். எண் பச்சையாக இருந்தது. அவள் வாழ்க்கையில் முதல் தடவை.

முதல் சுற்றில் நுஹா ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு ஓடினாள். அஷ்வினி சுட்டாள். எல்லாக் குண்டும் நுஹாவுக்கு ஒரு சாண் முன்னால் சுவரில் போய்ப் பதிந்தன. அடுத்த சுற்றிலும் அதே. மூன்றாவதில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு விரலைத் தடுக்கப் பார்த்தாள். விரல் கேட்கவில்லை. மூன்று வருடம் கெபிப் படியில் பழகிய விரல், இல்லாத தாமதத்துக்காக வெறும் இடத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, "இவங்க என்ன காத்தச் சுடுறாங்க?" என்று சிரித்தாள். முதல் எட்டுச் சுற்றையும் நுஹாதான் எடுத்தாள். இடம் ஆறாவது சுற்றுக்கு முன்பே போய்விட்டது. ஆனாலும் எழும்பாமல் பத்தையும் ஆடுவோம் என்று அஷ்வினிதான் சொன்னாள்.

ஒன்பதாவது சுற்றில் நுஹா ஓடினாள், அஷ்வினி அவள் மேலேயே சுட்டாள். விழுந்தாள். பத்தாவதில் நுஹா வெளியே தலை காட்டியதும் விழுந்தாள். சிரித்த பெண் வாயை மூடிக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்குள் கை பழகிவிட்டது. ஒரு மணி நேரம்! நான் மறுத்தது ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள்.

நுஹா உண்மையாகவே வருத்தப்பட்டாள். "ஒரு கெழம முந்தி கண்டியில வந்து வெளயாடிப் பழகியிருக்கலாமே. இங்க ஒங்களுக்கு யாரும் சொந்தக்காரங்க இல்லையா?"

அஷ்வினி என் பக்கம் திரும்பவே இல்லை. "வசதிப்படலங்க" என்றாள்.

கம்பெனிக்குத் திங்கட்கிழமை பெயர் கொடுத்தாக வேண்டும், தெல்தெனியாப் பிள்ளை ஒருத்தி ஏழு எடுத்திருக்கிறாள் என்றாள் நுஹா. நாங்கள் இறங்கி வந்து பஸ் ஏறினோம். ஹுன்னஸ்கிரிய பஸ் குண்டசாலையைத் தாண்டித்தான் போகும். தனுஜா சமைத்து வைத்துக்கொண்டு நாலு தடவை போன் எடுத்துவிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் கெஞ்சினேன். அண்ணி பாவம் என்று இறங்கினாள்.

கேட்டடியில் கைரியா டீச்சர் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை அவர் மகன் என்றுதான் கூப்பிடுவார்.

"யாரு மகன் இந்தப் புள்ள?"

தங்கச்சி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் என் நாக்கு கொஞ்சம் தயங்கியது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"வீட்டு வேலைக்கி ஆள் தேடுறாங்கன்னு சொன்னாங்க டீச்சர். அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள் அஷ்வினி.

டீச்சர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். உள்ளே வந்து அவள் நன்றாகச் சாப்பிட்டாள், மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள், என் மகனுக்குக் கட்டைவிரலால் திரையை எப்படித் தொட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். எங்கள் வீட்டு வைஃபையை அவள் கேட்கவில்லை. நாலரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுபடி மடுவத்துக்குப் போகிறாள். மாலையில் கெபிப் படியில் உட்காருகிறாள் என்று சித்தப்பா சொன்னார். கண்டியில் பழகியதைக் கை மறக்க இரண்டு நாளானதாம். இப்போது பழையபடி ஒரு சாண் முன்னால் சுடுகிறாளாம், எல்லாம் படுகிறதாம்.

போன கிழமை கைரியா டீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார். "அண்டைக்கு வேல கேட்டு வந்த புள்ளய ஏன் மகன் எடுக்கல்ல? நல்ல புள்ளையாத் தெரிஞ்சிச்சே."

"அதுக்கு வேற எடம் கெடச்சிருச்சு டீச்சர்."

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல எடமா?"

"ஆமா டீச்சர்" என்றேன்.