பாக்கெட்டுக்குள் ஒரு கை

உள்ளங்கையைத் தட்டுக்கு மேலே விரித்து மெல்லக் கீழே இறக்கினால், ‘போதும், வைக்காதே’ என்று அர்த்தம். ஆள்காட்டி விரலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினால் டீ வேண்டும். எண்ணெயில் ஓடும் சின்ன மின்நிலையத்தில் என்ஜின் ஆபரேட்டர் அவர். வீட்டில் பாதிப் பேச்சைக் கையாலேயே முடித்துவிடுவார். மீதியைத் தெருவே கேட்கும். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாத இரைச்சலில் காலம் தள்ளியவருக்கு மெல்லப் பேச வராது. தெருவில் அவருக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பேர்.

என்ன வேலை என்று யாராவது வாயைக் கொடுத்தால் தீர்ந்தது. “எண்ணெய் பாகு மாதிரி கெட்டியா வருங்க. சுட வச்சு இளக்கி, பூவா உள்ள பீச்சுவோம். அமுக்கின காத்தோட சூட்டுல தானா பத்திக்கும். பிஸ்டனை உதைக்கும், தண்டு சுத்தும், ஜெனரேட்டர் சுத்தும், உங்க வீட்டு ஃபேன் சுத்தும். எல்லாம் சுத்துது, நான்தான் நின்ன எடத்துலயே நிக்கிறேன்.”

ஊர் இழுக்கும் மின்சாரத்துக்கு அங்கே ‘லோடு’ என்று பேர். எடுத்த எடுப்பில் மொத்தத்தையும் தலையில் கட்டினால் என்ஜின் திணறி நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அதற்கும் சைகைதான். இவர் உள்ளங்கையை மெல்ல மெல்ல உயர்த்துவார்; கண்ணாடி அறைக்குள் இருப்பவர் அதைப் பார்த்துப் பார்த்து லோடு ஏற்றுவார்.

அந்தக் கையால்தான் வீட்டில் வம்பு. மனைவிக்குப் பள்ளி வேன் ஓட்டும் வேலை தயாராக இருக்கிறது. லைசென்ஸ்தான் இல்லை. ஓட்டுநர் தேர்வில் கிளட்சைப் பட்டென்று விட்டு, இரண்டு தடவை வண்டி நின்றுபோனது. இரண்டு தடவையும் தேர்வுத் திடலின் வேலிக்கு வெளியே இவர், ‘மெல்ல விடு’ என்று கையை உயர்த்திக்கொண்டு நின்றார்.

“உங்க கையப் பாக்குறதா, ரோட்டப் பாக்குறதா? இந்தத் தடவையும் விட்டா வேற ஆள வச்சுக்கிறோம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. வர்றதுன்னா வாங்க, கை ரெண்டும் பாக்கெட்டுக்குள்ள இருக்கணும். வெளிய வந்துச்சு, ஒரு வாரத்துக்கு டீ கெடையாது” என்று காலையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் அம்மணி.

இதோ, வேலியோரம் நல்ல பிள்ளையாக நிற்கிறார் ஸ்பீக்கர். கை இரண்டும் பேன்ட் பாக்கெட்டில். உள்ளே அதிகாரி வண்டியில் ஏறிக் கதவைச் சாத்துகிறார். என்ஜின் உறுமுகிறது. அம்மணி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி, நிற்காமல் நகர்கிறது. அது வேகம் எடுக்க எடுக்க, இவருடைய வலது பாக்கெட் மெல்ல மெல்ல மேலே எழும்புகிறது.