பூட்டுக்காரர் சொன்ன சாக்கு

பூட்டுக்காரருக்குத் தெரியாத சந்து அந்த ஊரில் கிடையாது. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் பதற்றத்தில் அரைகுறையாக வழி சொன்னாலும், மனுஷன் பையோடு போய் நின்றுவிடுவார். குடியை விட நினைப்பவர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் கூடுகிற கூடத்தை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற ஒரே கட்டடம் அதுதான். நாலா பக்கமும் தேடினாராம், காணோமாம். பாவம், ஊருக்குப் புதுசு.

இது முதல் வாரத்துச் சாக்கு. அடுத்த வாரம் மழை. அந்த மழை கூடத்துக்குப் போகிற வழியில்தான் பெய்தது, மதுக்கடைக்குப் போகிற வழியில் ஒரு தூறல்கூட இல்லை. மூன்றாவது வாரம் கற்பனை வற்றிப்போய், "போனேன், பூட்டியிருந்துச்சு" என்றார்.

தையல் கடைக்காகக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி, ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னது?"

"பூட்டியிருந்துச்சுன்னேன்."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைக் குறை சொன்னாள், இந்த மகானுபாவர் தன் பிழைப்பையே சாட்சிக்கு இழுத்தார். மனைவி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"ஒரே ஒரு தடவை அங்க போயிட்டு எனக்கு போன் பண்ணுங்க. வந்துடறேன். பண்ணிப் பொய் சொன்னீங்க, அதுவே நம்ம கடைசிப் பேச்சு."

அதிலிருந்து பூட்டுக்காரர் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பொய் சொல்லப் பயம், உண்மை சொல்ல உண்மை கைவசம் இல்லை. வீட்டில் அவர் பேச்சுக்கு ஆளில்லாமல் மின்விசிறி மட்டும் கடகடத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலைக்கு அழைப்பு வந்தது. சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டதாம். "தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு கூடம்..." என்று அந்தப் பக்கம் ஆரம்பிப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"தெரியும் தெரியும், பச்சைக் கதவுதானே?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இனி எங்கே பின்வாங்குவது? பூட்டுக்காகத்தான் போகிறேன், வேறு எதற்கும் இல்லை என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டே போனார்.

வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சாக்கடையில் புரண்டு எழுந்த கூட்டத்தை எதிர்பார்த்துப் போனவருக்கு ஏமாற்றம். இஸ்திரி போட்ட சட்டைகள், ஒரு வங்கிக்கார அம்மா, பெரிய உடம்போடு ஒரு கறிக்கடைக்காரர். பொத்தான் மாறிப் போட்டிருந்தது இவர் ஒருவர்தான்.

நுணுக்கமான வேலை என்றால் பூட்டுக்காரர் முதலில் கை நிற்க ஒரு வாய் ஊற்றிக்கொள்வார். பாட்டில் பைக்குள், அரங்களுக்கு அடியில் தயாராகத்தான் இருந்தது. உலகத்தில் வேறு எவர் முன்னால் வேண்டுமானாலும் எடுத்திருப்பார். இந்த ஏழெட்டுப் பேர் முன்னால் எப்படி எடுப்பது?

கம்பி சாவித் துவாரத்தைச் சுற்றி ஊர்வலம் போனது, உள்ளே மட்டும் போகவில்லை.

"சுகர் கொஞ்சம் கம்மியாயிருக்கு, அதான் கை..." என்றார்.

வேறு வாசலாக இருந்தால் யாராவது உச்சுக்கொட்டி ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சர்க்கரைக் கதையைச் சொல்லாதவர் அங்கே யாருமே இல்லை.

கறிக்கடைக்காரர் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "நானும் சுகர்னுதான்ணே சொல்லிட்டிருந்தேன். கத்தியப் புடிக்க முடியல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பூட்டுக்காரருக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. வெளியே வந்ததென்னவோ அதட்டல்தான்.

"வெளிச்சத்த மறைக்காதீங்க!"

எல்லோரும் மரியாதையாக நகர்ந்துகொண்டார்கள். நாலு முறை வழுக்கி, ஐந்தாவது முறை உடைந்த துண்டு வெளியே வந்தது. கதவு திறந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். இவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் சொல்வதற்கு 'அவசர வேலை இருக்கு' என்று ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தவருக்கு அது வேறு எரிச்சல்.

கறிக்கடைக்காரர் மட்டும் திரும்பி, "வெளிய கொசு ஜாஸ்திண்ணே" என்றுவிட்டுப் போனார்.

பூட்டுக்காரர் போனை எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"கூடத்து வாசல்ல."

"பூட்டியிருக்குமே?"

"பூட்டித்தான் இருந்துச்சு." திறந்த கதவைப் பார்த்துக்கொண்டார். "நான்தான் தொறந்தேன்."

"குடிச்சிருக்கீங்களா?"

"இன்னும் இல்ல. பையில இருக்கு."

அவரிடமிருந்து இப்படி ஒரு பதிலை அவள் கேட்டதே இல்லை. குரல் இறங்கிவிட்டது.

"போன வைக்காம உள்ள போங்க. கதவு சாத்துற சத்தம் எனக்குக் கேக்கணும்."

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கையைவிட்டு இறக்காத பையை வாசற்படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் வீடு வரைக்கும் கேட்க வேண்டுமே என்று கதவை ஓங்கிச் சாத்தினார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.