ஊசி போடாத மிஸ்ஸி

தாதி வேலையில் ஒரு நோயாளியைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைப்பதைவிடக் கஷ்டமானது, அந்த வேலைக்குள் நம்மை யாராவது தூக்கி உட்கார வைப்பதுதான். இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று இப்போதே பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முந்தி நடந்ததைப் பிந்தி எழுதிவிடுவேனோ, யாராவது படித்துவிட்டு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சண்டைக்கு வருவார்களோ என்று இரண்டு தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதனால் கிளினிக்குகளின் பெயரை எழுதவில்லை. தலை நரைத்த பிறகு சான்றிதழும் கையுமாக வேலை கேட்டு அலைந்தவர்களே, உங்களுக்குப் பெயர் தேவைப்படாது. எல்லா இடத்திலும் அதே கதிரை, அதே மேசை, அதே பார்வைதான்.

முதலில் ஒரு விளக்கம். மற்றவர்கள் உயர்தரம் படித்து, கல்லூரிக்குப் போய்த் தாதியாவார்கள். நான் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்துக்கொண்டே, வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஹட்டனில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இரண்டு வருடம் படித்தேன். கடைசியில் 'தாதி உதவியாளர்' என்று சான்றிதழ் தந்தார்கள். முழங்கால் வலியோடு இனி மலை ஏற முடியாது என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். "மூணு மாசம் பார்ப்பேன். அதுக்குள்ள வரலைன்னா செக்ரோல்ல பேரை வெட்டிருவேன்" என்றார். செக்ரோல் என்றால் தோட்டத்தில் ஆள்பேர் எழுதும் பதிவேடு. ஆக, மூன்று மாதத்துக்குள் வேலை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்காலையும் தூக்கிக்கொண்டு மறுபடி மலைக்குப் போக வேண்டும்.

அனுபவம் எத்தனை வருடம்?

மகள் தர்ஷினிதான் விண்ணப்பத்தை நிரப்பினாள். 'அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. "வெறுமனே விட்டா தூக்கிப் போட்டுருவாங்கம்மா" என்றாள். நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். என்ன அனுபவம் என்று அந்தக் கட்டத்தில் கேட்கவில்லையே என்று இருவரும் யோசித்து, 'இருபத்திரண்டு வருடம்' என்று எழுதினோம்.

ஹட்டனில் ஒரு டொக்டர் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றே வணக்கம் சொன்னார். "எந்த ஆஸ்பத்திரியில இருந்தீங்க?" என்று கேட்டார். "மூணாம் நம்பர் மலையிலங்க" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்து மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, தேயிலைச் செடி நீங்க வர்ற வரைக்கும் ஒரே இடத்தில நிக்கும். என்னோட நோயாளிங்க நிக்க மாட்டாங்க."

கழுத்துப் பட்டி ஐயா

இரண்டாவது இடம் கொட்டகலை பஸாரில் ஒரு கிளினிக். டை என்கிற கழுத்துப் பட்டி கட்டிய ஒருவர் என் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முழு நேரம் படிக்கவில்லையா என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்றேன். பிரஷர் பார்ப்பேன், புண்ணுக்கு மருந்து கட்டுவேன், படுக்கையில் இருப்பவரை எழுப்பாமலே விரிப்பு மாற்றுவேன் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவர் சான்றிதழை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, நிஜமாகவே கவலைப்பட்டவர் போலக் கேட்டார்: "அப்ப திங்கக்கிழமை யாருக்காவது நோய் வருத்தம் வந்தா என்ன செய்வீங்க?"

பேர் கூப்பிடவில்லை

மூன்றாவது மாதமும் பாதி போய்விட்டது. கினிகத்தேனைக்குப் பக்கத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுத் தொலைபேசியில் பேசினேன். ஒரு நாள் வேலை செய்து காட்டுங்கள், காலை ஏழு மணிக்கு வாருங்கள் என்றார்கள். பிந்திவிடுவேனோ என்ற பயத்தில் முதல் பஸ் பிடித்து ஆறரைக்கே போய்விட்டேன்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. தோட்டத்தில் காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடி நிற்போம். பேர் கூப்பிட்டு, இன்ன மலைக்குப் போ என்று சொன்ன பிறகுதான் கால் எடுத்து வைப்போம். கூப்பிடாமல் போனால் வேலை கணக்கில் வராது. அதே நினைப்பில் நான் அந்த வீட்டு முற்றத்தில், கையைக் கட்டிக்கொண்டு, வரிசையில் நிற்பதுபோல் நின்றேன். வரிசையில் நான் ஒருத்திதான். ஏழு மணி ஆனது. மழை பிடித்தது. குடையை விரித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலில் இரண்டு மூன்று வயதான முகங்கள் வந்து வந்து பார்த்தன. ஏழரை ஆனது. எட்டும் ஆனது.

கடைசியில் அந்த வீட்டைப் பொறுப்பாக நடத்தும் சிங்கள அம்மா வெளியே வந்தார். எல்லோரும் அவரை நோனா என்பார்கள். தமிழ் நன்றாகப் பேசுவார். யாரையாவது பார்க்க வந்தீர்களா என்று கேட்டார். வேலைக்கு வந்தேன் என்றேன். "அப்ப ஏன் இங்க நிக்கிறீங்க?" என்றார். "இன்னும் பேர் கூப்பிடலைங்களே நோனா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குடையை வாங்கி மடக்கிக்கொண்டே சொன்னார்: "இந்த வீட்டில பேர் கூப்பிடுறது கடவுள் மட்டும்தான். அதுக்குப் போய் யாரும் முந்திக்கிட்டு வரிசையில நிக்கிறதில்ல, உள்ள வாங்க."

அரைப்பேர்

வேலை கிடைத்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் அங்கேயே தங்க வேண்டும். கெடு முடிந்ததும் தோட்டத்தில் என் பேரை வெட்டிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்னார். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

என் பொறுப்பில் ஆறு பேர். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற கங்காணி. கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறிக்கும் பெண்களை விரட்டி வேலை வாங்கியவர். கங்காணி என்று கேள்விப்பட்டதும், கட்டிலில் படுத்திருப்பவருக்கு முன்னால் என் முந்தானையை நானாகவே சரிசெய்துகொண்டேன். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். இரண்டு கால்களும் வராது. குரல் மட்டும் இன்னும் நாலு மலைக்குக் கேட்கும். "ஏ புள்ள, அந்த மூலையில தூசி! விட்டுட்டுப் போற!" என்பார். நானும் ஓடிப்போய்த் துடைப்பேன். அது என் வேலையில்லை என்று சமையல் செய்கிற அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஒரு நாள் கஞ்சியில் பாதியை வைத்துவிட்டார். கிலோ குறைந்தால் தோட்டத்தில் அரை நாள் சம்பளம்தான் எழுதுவார்கள். அதற்கு அரைப்பேர் என்று பெயர். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "பாதிதான் குடிச்சிருக்கீங்க, இன்னைக்கு உங்களுக்கு அரைப்பேர்தான் கங்காணியாரே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே பயந்துபோனேன். அவர் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதைக் கையில் வாங்கினார். "எத்தனை பொம்பளைங்களுக்குப் போட்டேன், எல்லாம் சேர்ந்து இப்ப கஞ்சிக் கோப்பையில வருதே!"

படிச்சிருக்கீங்கதானே

வருத்தம் வந்தால் ஊசி போட வேண்டும், ஊசி போடாவிட்டால் மருந்தே இல்லை என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். வெள்ளைச் சட்டை போட்ட தாதியை மிஸ்ஸி என்பார்கள், கண்டாலே கையை நீட்டுவார்கள். ஆனால் என் சான்றிதழில் ஊசிக்கு இடமில்லை. தோடம்பழத்தில், அதாவது ஆரஞ்சில், குத்திக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கங்காணிக்குக் காலையில் இன்சுலின் போட நிலந்தி மிஸ்ஸி நாவலப்பிட்டிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். அவர் முறையாகப் படித்துப் பதிவு செய்த தாதி.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், இரவெல்லாம் பெய்த மழையில் பாதையில் மண் சரிந்துவிட்டது. பஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டதாக மிஸ்ஸி தொலைபேசியில் சொன்னார். ஊசி போடும்வரை கங்காணிக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். கங்காணி சோறு சோறு என்று கத்தத் தொடங்கினார். நோனா மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "நீங்க போடுங்க. படிச்சிருக்கீங்கதானே" என்றார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மாட்டேன் என்றால் வேலை போகும். தோட்டத்திலும் பேர் இல்லை. போட்டால், அளவு பிழைத்தால், கங்காணி போய்விடுவார். "எனக்கு ஊசி போடத் தெரியாதுங்க நோனா. ஆனா மலை ஏறத் தெரியும்" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, சமையல் அம்மாவைக் கங்காணிக்குத் துணை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மண் சரிந்த இடம் ஒன்றரைக் கட்டை, அதாவது ஒன்றரை மைல் தூரம். சரிவுக்குக் கிட்டப் போகாமல் மேலே தேயிலைக்குள் ஏறி, கொழுந்து எடுக்கிற பெண்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையைப் பிடித்து அந்தப் பக்கம் இறங்கினேன். முழங்கால் என்னைத் திட்டாத திட்டில்லை. மிஸ்ஸி சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, திரும்பிப் போக ஆட்டோவுக்காக நின்றிருந்தார். "நான் கால் வைக்கிற இடத்தில மட்டும் காலை வைங்க மிஸ்ஸி" என்று சொல்லி, அவருடைய பையைக் கொழுந்துக் கூடை போலத் தலையில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். இரண்டு தரம் வழுக்கினார், இரண்டு தரமும் என் மேல்தான் விழுந்தார். அட்டைக் கடியும் சேறுமாக வந்து சேர்ந்து, கையைக் கழுவி, கங்காணிக்கு ஊசி போட அரை நிமிடம் ஆனது. பிறகு மிஸ்ஸி கதிரையில் சாய்ந்து, தன் கால்களையும் என்னையும் பார்த்து, சிங்களத்தில் அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டார்: "அக்கே, அரை நிமிஷ வேலைக்குப் பயந்தா இந்த மலையைச் சுத்தினீங்க?"

சுவரில் ஒரு பலகை

நோனா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. வேலை போய்விட்டது என்று உடுப்பைக்கூட மடித்து வைத்துவிட்டேன். மாலையில் மிஸ்ஸி அவருடன் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். என்ன பேசினார்களோ, மறுநாள் காலையில் நோனா வந்து எனக்கு என்னென்ன செய்ய அனுமதி என்று கேட்டார்.

வாயால் சொன்னால் மறந்துபோகும் என்று எனக்குப் பயம். லீவு நாளில் டவுனில் பெயர்ப்பலகை எழுதும் கடைக்குப் போய், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை எழுதி வாங்கினேன். 'தூக்குவேன், துடைப்பேன், ஊட்டுவேன், பிரஷர் பார்ப்பேன், புண்ணுக்கு மருந்து கட்டுவேன். ஊசி போட மாட்டேன்.' அதன் அடியில் நோனாவிடம் கையெழுத்தும் கேட்டேன். இரண்டு தரம் படித்துவிட்டுப் போட்டார். கங்காணியின் கட்டிலுக்கு நேரே ஆணியடித்து மாட்டினேன். அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்து முடித்தார். "கடைசி வரியை இன்னும் கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாம் புள்ள, நான் தப்பிச்சேன்னு வர்றவங்களுக்கும் தெரியணும்ல!"

எனக்கு என்னவெல்லாம் தெரியும் என்று மூன்று மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், எனக்கு எது முடியாது என்று சுவரில் எழுதி மாட்டிய பிறகுதான் ஒரு நாளாவது பயமில்லாமல் வேலை செய்தேன்.