அம்மாவின் கம்பளியும் ஸ்டீல் சிலிண்டரும்

ஊரில் போர் முடிந்த அந்த ஆண்டு எங்கள் வீட்டில் சிரிப்பே நின்றுபோயிருந்தது. தொலைபேசி மணி அடித்தாலே, இன்னும் யார் செத்தார்களோ என்று வீடு நடுங்கும். மே மாதத்தோடு அம்மா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கனடாவின் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டில் எங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான்.

நான் ஏரியில் காற்றுச் சிலிண்டர் கட்டி மூழ்கும் ஸ்கூபா பழகுவது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. "ஊரே செத்துக் கிடக்கேக்கை உனக்குத் தண்ணிக்கை என்ன விளையாட்டு?" என்பார். தண்ணீருக்கு அடியில் மணிச்சத்தம் கேட்காது, அதற்காகவே போகிறேன் என்று எப்படிச் சொல்வது? அதை விட்டுவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

இலையுதிர் காலத்தில் கடைசிச் சோதனை. காற்றுத் தீரும் தறுவாயில், மேலே வராமல் ஐந்து மீற்றர் ஆழத்தில் அசையாது நிற்க வேண்டும். முதல் தடவை தவறிவிட்டேன். அடுத்த ஞாயிறும் தவறினால், கோடைவரை தண்ணீரில் இறங்க முடியாது.

தவறியதற்குக் காரணம் அம்மா! தண்ணீர் புகாத ட்ரை சூட்டுக்குள், "போறதெண்டால் இதையும் போட்டுக்கொண்டு போ" என்று திட்டிக்கொண்டே கம்பளிமேல் கம்பளியாகத் திணித்திருந்தார். கனடாவின் முதல் குளிருக்கு எங்களுக்கு உடுத்திவிட்ட அதே கணக்கு. கம்பளி முழுக்கக் காற்று. விலாவின் இருபுறமும் மாட்டியிருந்த அலுமினியச் சிலிண்டர்களோ, காற்றுக் குறையக் குறைய வாலைத் தூக்கின. எண்ணெயில் போட்ட வடைமாதிரி மேலே வந்துவிட்டேன்.

"கம்பளியைக் கழற்று, இல்லாவிட்டால் தாழ்வதற்கு இன்னும் ஈயம் கட்டு" என்றார் பயிற்சியாளர். கட்டியிருந்த ஈயமே இடுப்பை ஒடித்தது. கம்பளி இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரில் பல் தந்தியடிக்கும். நான் ஸ்டீல் சிலிண்டர் கேட்டேன். அது தானே கனமானது, காற்றுக் குறைந்தாலும் மிதக்காது, ஈயத்தையும் குறைக்கலாம்.

"உன் உடம்புக்கு அதைத் தூக்க முடியாது" என்று சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! லிஃப்ற் பழுதான நாளெல்லாம் அரிசி மூட்டையோடு மாடி ஏறினவளிடமா இந்தக் கதை? அதோடு, முதுகில் கட்டுவதுபோல இரண்டையும் ஒன்றாகச் சுமக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குக் கொண்டுபோய் அங்கேயே விலாவில் கொளுவலாம். அதைச் சொன்னதும் மனுசன் ஸ்டீலை எடுத்துத் தந்தார்.

ஞாயிறு காலை அம்மாவும் காரில் ஏறினார். "நானும் வாறன். இன்னொரு செய்தியை ரெலிபோனில கேக்க என்னால ஏலாது." நான் காரை எடுத்தேன்.

அதே கம்பளிகளோடு, சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனேன். கொளுவினேன். இறங்கினேன். கடைசியில் காற்றுக் குறைந்தது. வால் எழும்பவில்லை. பாயில் படுத்தவள்போல நேராகக் கிடந்தேன்! பயிற்சியாளர் 'சரி' என்று விரல்களை வட்டமாக்கிக் காட்டினார். வாயில் குழாய் இல்லாவிட்டால் கூவியிருப்பேன்.

கரைக்கு வந்ததும், இரண்டு கைகளையும் மேலே தூக்கினேன். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. சூட்டின் ஸிப்பைத் திறக்கவைத்து, உள்ளே கையை விட்டுக் கம்பளியைத் தடவினார்.

"சொட்டும் நனையேல்லையடி! உன்ரை வாத்தியாரிட்டைப் போய்ச் சொல்லு, கம்பளி போட்டும் தாழலாமெண்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.