தகரக் கொட்டகையில் வெளுக்காத பவளம்

அல்லாபிச்சைக்குப் பாசி என்றால் மணிதான். இருபது வருஷம் குன்றக்குடித் திருவிழாவில் பாசிமணி விற்ற மனுஷருக்கு வேறு என்ன தோன்றும்? பிறகு காரைக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, ஒன்பது வருஷமாகத் தற்காலிகமாகவே காலந்தள்ளினார். 1974 மே மாதம் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு. விரிவுரையாளர் குருநாதன் நல்லதாக நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

குருநாதன் மண்டபத்துக் கடலிலிருந்து ஆறு துண்டுப் பவளத்தை உயிரோடு கொண்டுவந்து கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்தார். எல்லாம் ஒரே இனம், ஒரே பழுப்பு. மதராஸுக்குக் கிளம்பும்போது, "இதுக்குள்ள இருக்குற பாசிதான்யா முக்கியம். பத்திரம்" என்றார்.

பவளத்துக்குள்ளே பாசி! சிவப்புப் பவள மணிகளின் விலையை நினைத்து அல்லாபிச்சை மிரண்டுபோனார். ஆய்வகத்துப் பூட்டோ தொட்டாலே திறந்துகொள்ளும். தொட்டிகளைத் தூக்கிக் கொல்லைத் தகரக் கொட்டகையில் ஜன்னலோரம் வைத்து, ஆமைப்பூட்டாகப் போட்டார். கத்திரி வெயில் தகரத்தில் காய்ந்தது. நாலாம் நாள் திறந்தால் ஐந்து துண்டுகள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. மணிகள் களவு போய்விட்டன என்றே நம்பினார், பாவம்.

அன்றைக்கே குருநாதனும் வந்துவிட்டார். பார்த்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷ உழைப்பு.

"இங்குட்டு ஏன்யா வச்சீக?"

"நீங்கதானே சார் பாசி பத்திரம்னீக?"

"மணியில்லய்யா, குளத்துல படருமே, அந்தப் பாசி!"

வேலை போயிற்று என்று அல்லாபிச்சை முடிவு கட்டிக்கொண்டார். அப்போதுதான் குருநாதன் ஆறாவது தொட்டியைப் பார்த்தார். அது பழுப்பு மாறாமல் இருந்தது. அதில் துளி சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்து, "பாருங்க" என்றார்.

பொன்னும் பழுப்புமாக உருண்டை உருண்டையாக, எண்ணி மாளாது. ஊசிமுனைச் சதைக்குள் இத்தனை உயிரா! அல்லாபிச்சைக்கு உடம்பு சிலிர்த்தது. "யா அல்லா" என்றார்.

"வெயில்ல சோறாக்கிப் பவளத்துக்கும் ஊட்டுறது இதுதான். சூடு தாங்காம மத்ததுல இருந்து வெளியேறிருச்சு."

வெளுத்த துண்டில் மிஞ்சிய பாசியையும் காட்டினார். அச்சு அசலாக அதே உருண்டைகள்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"பாக்கத்தான். சூடு தாங்குனது வேற வம்சமா இருக்கணும். எப்படி வேறங்குறது எனக்கே தெரியலய்யா."

அத்தனை படித்தவர் தெரியவில்லை என்றது அல்லாபிச்சையை இன்னும் மலைக்கவைத்தது. ஆனாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. "நாளைக்கு நான் வரணுமா சார்?"

"வராம? சூடு தாங்குற இந்தப் பாசியத்தானே இனி ஆராயப்போறோம்! கொட்டகைச் சூட்டை மணிக்கொரு தரம் யாரு குறிக்கிறது? உங்க வேலைக்கு இன்னைக்கே எழுதிர்றேன்."

அல்லாபிச்சை இன்னொரு தரம் குனிந்தார். கண் நிறைந்துபோனதில் ஒன்றுமே தெரியவில்லை.