தாண்டிப் படிக்காத வரி

எங்கள் பக்கத்துப் பேச்சை முதலில் அச்சில் ஏற்றியவன் என்று என்னைச் சொல்கிறார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடலூர் முதுநகரில் லாரி எடைமேடையில் வேலை. எடை போட வருகிற டிரைவரும் லோடுமேனும் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சோறே வேண்டாம். பெண்ணாடத்துச் சர்க்கரை லாரி டிரைவர் ஒருவர் தன் முதலாளியைப் பற்றி, "சிரிச்சிக்கினே டயரக் கழட்டுவாரு" என்பார். உடனே வீணாய்ப்போன எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன்.

ஆனால் நான் எழுதியதில் பாதி என் அக்காவின் வாயிலிருந்து வந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்தாள். மாமா கொத்தனார். குடிக்காத நாளில் அவர்தான் சட்னிக்குத் தேங்காய் துருவுவார். குடித்த நாளில் அக்கா பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் ஆவி பறக்கிற இட்லித் துணியை உரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தாளு வூட்டுக்கு வந்தா பயமா இருக்குதுடா. வராட்டி கவலையா இருக்குது."

சொல்லிவிட்டு அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றப் போய்விட்டாள். எனக்குத்தான் கை பரபரத்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் அது கதையாகிப் பத்திரிகையில் வந்தது. ஊரை மாற்றியிருந்தேன். கொத்தனாரை டிரைவர் ஆக்கியிருந்தேன். அந்த வரியை மாற்ற மட்டும் மனசு வரவில்லை.

பத்திரிகையோடு நேராக அக்கா கடைக்குப் போனேன். மாமா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்க வராது.

"மச்சான் பேரு புக்குல வந்துருக்குதா? படிச்சிக் காட்டுய்யா, நானும் கேக்குறேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் காதைக் கொடுத்தார்கள். "இன்னாப்பா, நம்ம வூட்டுல பேசறாப்புலயே இருக்குது!" என்று ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது. கதை போகிற போக்கு அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மாமாவுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையசைத்தாள். பார்த்தேன். அந்த ஒரு வரியைத் தாண்டிப் படித்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கதையிலேயே நல்ல வரி அதுதான். குரலை உயர்த்திப் படித்தேன்.

மாமாவின் கை நின்றது. பாதி துருவிய மூடியைக் கீழே வைத்தார்.

"நல்லா எழுதியிருக்க மச்சான்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "இனிமே பயப்படாத" என்றார். கையைக் கழுவிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய் வடலூர் பஸ்ஸில் ஏறினார். வேலைக்குப் போகிறார் என்றுதான் நினைத்தோம்.

திரும்பி வரவில்லை. வடலூர் தருமசாலைப் பந்தியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். மூன்று நாள் பந்திக்குப் பந்தி முகம் பார்த்தேன். லால்பேட்டையில் ஒரு கட்டட வேலையில் இருக்கிறார் என்றார் இன்னொருவர். அங்கேயும் இல்லை. வந்து சொன்னபோது அக்கா அழவில்லை.

"பயத்த எடுத்துட்ட. கவலைய மட்டும் எனக்கு உட்டுட்ட" என்றாள். அவள் என்னிடம் மனசுவிட்டுப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் சிதம்பரத்திலேயே ஒரு மண்டபத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். பேசியவர் அந்த வரியை அப்படியே சொல்லி, "இந்த மண்ணின் பெண்களுக்கு இவர்தான் வாய் கொடுத்தார்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சால்வையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன்.

"வாங்க. இன்னா சாப்புடுறீங்க?"

கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வி. என்னை 'டேய்' என்று கூப்பிட்ட வாய் அது.

"ரெண்டு இட்லிக்கா."

இலையில் வைத்தாள். அப்போது வடலூர் பஸ் ஒன்று வந்து நின்றது. கையில் கரண்டியோடு, இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசி ஆள் இறங்கும்வரை நானும் பார்த்தேன். பிறகு குனிந்து சட்னி ஊற்றினாள்.

தக்காளிச் சட்னிதான். அந்தக் கடையில் தேங்காய் வாங்கி ஏழு வருஷமாகிறது.