ஒரு வசவுக்கு ஒரு கூடை கிழங்கு

மலாக்கா ஆயர் குரோவில் ஒரு மண்டபத்தில் பெண்ணியம் பற்றிப் பேசுகிறார்கள் என்று மகள் என்னை அழைத்துப் போனாள். பேச்சுக்குப் பிறகு ஒரு பெரியவர் எழுந்தார். "கோபத்தில் மனிதனுக்கு ஆயிரம் வசவு வரும். எல்லாம் வாய்ச்சொல். அதிலே போய் ஆண், பெண் என்று தேடினால் யாரும் வாயே திறக்க முடியாது" என்றார். பாதிக் கூட்டம் கை தட்டியது.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் ஐம்பது வருடமாக என்னிடம் இருக்கிறது. கையைக்கூடத் தூக்கிவிட்டேன். ஆனால் ஒலிபெருக்கி என் பக்கம் வருவதற்குள், வீட்டில் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலை பிடித்துக்கொண்டது. கையை இறக்கிவிட்டேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிறகு திறந்தபோது அம்மா என்னை அனுப்பவில்லை. பெண் என்று தெரியாதபடி தலைமுடியை ஒட்ட வெட்டி வீட்டோடு வைத்துக்கொண்டாள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பயம் மட்டும் நன்றாக வளர்ந்தது. லாரிச் சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் இன்னும் பயம்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். அப்பா இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் மட்டும் எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் ஆனது, ஆறு மாதம் ஆனது. கடிதமும் இல்லை, ஆள் மூலம் சேதியும் இல்லை. அம்மா தினமும் காலையில் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் நான் அன்றைய நாளைத் தொடங்குவேன். பொட்டு இருந்தால் அப்பா இருக்கிறார்.

காஜா பெராங்கில் எங்கள் தெருவின் பின்னால் ஒரு சின்ன அம்மன் கோயில். கோயில் கொட்டகையில் தெருப் பெண்கள் எல்லோரும் கூடி மரவள்ளிக் கிழங்கு சீவுவோம். தகர டப்பாவை வெட்டித் தட்டையாக்கி, ஆணியால் துளைபோட்டுச் செய்த சீவுபலகை. கிழங்கோடு விரலையும் சீவிவிடும். சீவியதைத் தண்ணீரில் அலசித் துணியில் பிழிந்தால், அடியில் வெள்ளை மாவு படியும். சக்கை துணியில் தங்கும்.

அந்தக் கோயிலில் ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுவது வழக்கம். கேழ்வரகு எங்கே கிடைக்கும்? முதல் வருடம் அந்த வெள்ளை மாவைக் கொட்டிக் காய்ச்சினார்கள். கூழ் வரவில்லை, பசை வந்தது. அகப்பையைத் தூக்கினால் பானையும் கூட வந்தது. குடித்தவர்களுக்கு வாய் ஒட்டிக்கொண்டது. பிறகு பல நாள், ஜப்பான்காரன் சுவரில் ஒட்டும் அறிவிப்புத் தாளைப் பார்த்தால், "நம்ம கூழுதான் போல" என்று தெருவே சிரித்தது.

அம்மா அதை மாற்றினாள். மாவை ஒதுக்கிவிட்டு, எல்லோரும் கோழிக்குப் போட்ட சக்கையை வெயிலில் காய வைத்து இடித்தாள். வறுத்தாள். உடைத்த சோளம் கொஞ்சம் சேர்த்துக் காய்ச்சினாள். அசல் கேழ்வரகுக் கூழ் மாதிரியே கரகரப்பாக வந்தது. ஆகவே அடுத்த ஆடிக்கு அம்மாதான் காய்ச்ச வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

முதல் அகப்பைக் கூழை ஒரு சுமங்கலி ஊற்ற வேண்டும். காய்ச்சுகிற கையே ஊற்றுவதுதான் எங்கள் கோயில் வழக்கம். ஆடி வெள்ளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொட்டகையில் இந்தப் பேச்சு வந்தது. பால்காரம்மா சீவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பால்காரம்மா என்றாலும் அப்போது பால் கிடையாது. நான்கு மாடுகளையும் ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து அவர் பேச்சில் காரம் ஏறியிருந்தது.

"கூழு நீ காச்சு தங்கச்சி, வேணாங்கல. ஊத்துறது வேற யாராச்சும் ஊத்தட்டும்" என்றார்.

"ஏன்க்கா?" என்றாள் அம்மா.

"ஏன்னு கேட்டா? சயாமுக்குப் போனவங்க யாரு திரும்பி வந்தா? அறுதலி கையால அம்மனுக்கு ஊத்திட்டு, நாளைக்குத் தெருவுல அம்மை கண்டா யாரு பதில் சொல்றது?"

அறுதலி. தாலி அறுத்தவள். அம்மா சீவுபலகையை ஒதுக்கினாள். கையிலிருந்த கிழங்கைக் கூடையில் வைத்தாள், கையைக் கழுவினாள், போய்விட்டாள்.

கோயில் வாசலில் சொல்லிவிட்டார்களே, அம்மன் கேட்டிருப்பாளே, அப்படியே ஆக்கிவிடுவாளோ? சொன்னதைத் திரும்ப எடுக்க வைத்தால் அப்பா பிழைப்பாரோ? எனக்கு அப்போது அதுதான் கணக்கு.

கோயில் காரியங்களைப் பார்த்தவர் கிராணி மாமா. ஜப்பான் சண்டைக்கு முன் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதியவர், நல்ல மனிதர்தான். "விடுங்கம்மா. ஏதோ கோவத்துல வந்துருச்சு. வாய்வார்த்தை. அதுக்குப் போய் எந்திரிச்சுப் போவாங்களா?" என்றார்.

கம்போங் செட்டியிலிருந்து ஒரு அக்கா எங்களோடு சீவ வருவார். செட்டி வீட்டு ஆட்களுக்கு நம் சாமி உண்டு, நம் பண்டிகை உண்டு, பேச்சு மட்டும் மலாய். அவர் என்னைத் தட்டி, என்ன சொன்னார்கள், உன் அம்மா ஏன் போனாள் என்று மலாயில் கேட்டார். புருஷன் செத்தவள் என்று சொன்னார்கள் என்றேன்.

"ஜண்டாவா?" என்றார். மலாயில் விதவை.

இல்லை, அதைவிட மோசம், ஏசுகிற வார்த்தை என்றேன். அவர் யோசித்தார். பிறகு, பெண்டாட்டி செத்த ஆணை உங்கள் பாஷையில் எப்படி ஏசுவீர்கள் என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் தேடினேன். எனக்குத் தெரிந்த வசவு கொஞ்சமா? முண்டை, மலடி, வாழாவெட்டி, சிறுக்கி. ஆண்கள் இரண்டு பேர் சண்டை போட்டால்கூட அடி வாங்குவது ஒருத்தன், ஏச்சு வாங்குவது அவன் அம்மா. கோழையாக நின்றால் பொட்டை. இவ்வளவு இருந்தும், பெண்டாட்டி செத்தவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டே தலை நிமிர்ந்தால், எதிரே கிராணி மாமா. அவர் மனைவி இறந்து மூன்று வருடம். இந்தக் கோயிலில் ஒவ்வொரு வெள்ளியும் தேங்காய் உடைப்பது அவர்தான்.

எப்படிக் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. பயந்தவள் சில சமயம் பயத்தை முந்திக்கொண்டு ஓடிவிடுவாள்.

"மாமா, அத்தை செத்துப் போயிட்டாங்கல்ல? ஒங்களுக்கு என்னா வார்த்தை?"

"எனக்கா? எனக்கு என்னா வார்த்தை? நான் நான்தான்!" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. கொட்டகையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் செட்டி வீட்டு அக்காவிடம் திரும்பி, ஆணுக்கு வார்த்தை இல்லையாம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கிழங்கை எடுத்தார்.

"அடி குட்டி, அவுரு ஆம்பள. ஆம்பளையும் பொம்பளையும் ஒண்ணா?" என்றார் பால்காரம்மா.

"அவுரு தேங்கா ஒடைக்கிறாரு. அம்மை வந்துச்சா?"

"வாயப் பாரு! மொளைச்சு மூணு எல விடல..."

"எங்கப்பா செத்துட்டாருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? யாரும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க. நீங்க சொல்லித்தான் எங்கம்மா எந்திரிச்சுப் போனாங்க. வாய்வார்த்தைன்னா ஏன் போவணும்?"

நான் போய் இடித்த சக்கை மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டேன். பயம் தெரியக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கு அது மாவைத் தர மாட்டேன் என்கிற மாதிரி தெரிந்திருக்கிறது.

"எங்கம்மா ஊத்தலன்னா காச்சவும் மாட்டாங்க. வெள்ள மாவு நெறைய இருக்கு. பச காச்சுங்க" என்றேன்.

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். கிராணி மாமாதான் முதலில் இறங்கி வந்தார். "ஐயோ, அது மட்டும் வேணாம். போன வருஷம் மொத டம்ளர் எனக்குத்தான் குடுத்தீங்க. மந்திரம் சொல்ல வாயத் தொறக்க முடியல." பிறகு பால்காரம்மாவைப் பார்த்து, "போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"நானா?"

"சொன்னது யாரு?"

பால்காரம்மா முந்தானையை உதறிக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் என்ன பேசினார்கள் என்று இருவருமே கடைசிவரை சொல்லவில்லை. அம்மா திரும்பி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்தாள். "இந்தக் கொட்டகைக்குள்ள பொம்பளையச் சொல்லி ஏசுறவங்க, ஆம்பளையோ பொம்பளையோ, ஒரு வார்த்தைக்கு ஒரு கூட கெழங்கு தனியா சீவணும். சம்மதம்னா நான் காச்சுறேன்."

சம்மதித்தார்கள். அதில் என்ன கஷ்டம் என்று நினைத்திருப்பார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் பால்காரம்மாவுக்கு நான்கு கூடை சேர்ந்துவிட்டது. அதில் ஒன்று கோழியை ஏசியதற்கு. "கோழிக்குமா?" என்று சண்டைக்கு வந்தார். "அதுவும் பொட்டைதானே" என்றார்கள். கிழங்கு தூக்கி வந்த ஒருவனை "பொட்டையாடா நீ, சீக்கிரம் தூக்கு" என்றதற்குக் கிராணி மாமாவும் ஒரு கூடை சீவினார். பேனா பிடித்த விரல். ஆணிப் பலகை அவரைச் சும்மா விடவில்லை.

அந்த ஒரு வாரம் கொட்டகையில் ஒரு விசித்திரம் நடந்தது. ஏச வாயைத் திறப்பார்கள், வார்த்தை இருக்காது. எல்லா வசவையும் பெண்ணிடமிருந்தே கடன் வாங்கியிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தி தடுமாறி, "மாடே!" என்று கத்தினாள். உடனே பால்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாட்டச் சொல்லாத. என் மாடு ஒன்ன என்னா செஞ்சுது?" என்றார். அம்மா எழுந்து போய் அவர் கூடையிலிருந்து பாதிக் கிழங்கைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

ஆடி வெள்ளியன்று முதல் அகப்பையை அம்மாதான் ஊற்றினாள். கூழ் கரகரப்பாக, இளஞ்சூடாக இருந்தது. பால்காரம்மா இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். கிராணி மாமா வாயைத் திறந்து திறந்து காட்டினார், ஒட்டவில்லையாம்.

ஜப்பான் சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். அவர்களில் புக்கிட் ரம்பாய்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அப்பா காலராவில் போய்விட்டார் என்றார். எப்போது என்று நான்தான் கேட்டேன். கொண்டுபோன அந்த வருடமே, சயாமில் பெருமழை பிடித்த உடனே என்றார். அவர் போன பிறகு விரல்விட்டு எண்ணினேன், பல தடவை எண்ணினேன். கொட்டகைச் சண்டைக்கு இரண்டு மாதம் முன்பு.

அழுகைக்கு நடுவே எனக்கு ஒரு பாரம் இறங்கியது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த வார்த்தை அப்பாவைக் கொல்லவில்லை. பால்காரம்மாவுக்கு அந்த வல்லமை இல்லை. அந்த வார்த்தையால் அன்று செய்ய முடிந்தது ஒன்றுதான்: உயிரோடிருந்த ஒரு பெண்ணைக் கொட்டகையிலிருந்து எழுந்து போக வைத்தது. ஒரு சொல்லுக்கு அது சின்ன வேலையா?

சேதி வந்த அடுத்த ஆடியில் அம்மா பொட்டில்லாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவளே தன்னை நிறுத்திக்கொண்டாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. முற்பகலில் வாசலில் பால்காரம்மா வந்து நின்றார். கையில் கோயில் அகப்பை, அதிலிருந்து கூழ் சொட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, கூழு தண்ணியாப் போச்சு. வந்து பாரு. யாரும் இன்னும் ஊத்தல."

"நான் எப்படிக்கா வர்றது..."

"மூணு வருஷத்துக்கு முந்தி எப்படி வந்தியோ அப்படித்தான். அன்னிக்கு நீ ஊத்துன கூழ நான் ரெண்டு தடவ குடிச்சேன். எனக்கு என்னா ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன். எந்திரி, அடி பிடிக்குது."

அம்மா அகப்பையை வாங்கிக்கொண்டாள். நான் வாசல் கதவைச் சாத்தினேன். சாத்தினேனா என்று பாதித் தெருவிலிருந்து ஒருமுறை திரும்பி வந்து பார்த்துவிட்டு, அவர்கள் இருவருக்கும் பின்னால் ஓடினேன்.